மெக்கானிக்கல் படித்த பாபா

நம்ம கல்லாவிப் பக்கம் டிப்ளமோ மெக்கானிக்கல் சேர்ந்ததுமே வீட்டில் கேட்கிற கேள்வி, ஓசூர்ல எந்தக் கம்பெனி என்பதுதான். 1927-இல் பம்பாயிலிருந்து கேம்பிரிட்ஜ் போன ஹோமி ஜஹாங்கீர் பாபாவுக்கும் இதே கதைதான். மெக்கானிக்கல் முடித்து ஜாம்ஷெட்பூர் இரும்பாலைக்கு வர வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அத்தையின் கணவரான தோராப்ஜி டாடாவுக்கும் அதே எண்ணம்.

பாபாவின் மனசோ இயற்பியலில். முதல் வகுப்பில் பாஸ் செய்தால் பிறகு கணிதம் படிக்கலாம் என்றார் தந்தை. வீம்பு பிடிக்காமல் 1930-இல் மெக்கானிக்கலில் முதல் வகுப்பு வாங்கிக் காட்டிவிட்டுத்தான் பாதை மாறினார்.

எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதினால் எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்று 1935-இல் கணக்குப் போட்டார். அதுதான் 'பாபா சிதறல்'.

1939-இல் விடுமுறைக்கு வந்தவரை உலகப்போர் இங்கேயே நிறுத்தியது. பெங்களூரில் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி செய்தார். 1945-இல் டாடா ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அதன் விஞ்ஞானிகள்தான் நமக்கு எல்லை தாண்டியுள்ள கோலார் தங்கவயலில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள்.

1966 ஜனவரி 24. வியன்னா கூட்டத்துக்குப் போன பாபாவின் விமானம், ஜெனீவாவில் இறங்கவிருந்த நேரத்தில் மான்ட் பிளாங்க் மலையில் மோதியது. வயது 56.

அதே ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் எல்.இ.பி. இயந்திரம் 1989 முதல் 2000 வரை எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டது. தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு 'சூப்பர்' ஜோடி உண்டு என்கிறது ஒரு கொள்கை. அந்த ஜோடிகளைத் தேடினார்கள். ஆனால் எத்தனை மோதல் நடந்தது என்று தெரியாமல், கிடைக்கவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஜீரோ எரர் பார்க்காத வெர்னியரில் ஜாப் அளந்த மாதிரிதான். அங்கே அளவுகோலாக நின்றது பாபா சிதறல். சிறு கோணத்தில் சிதறியவற்றை எண்ணி மோதல் கணக்கை எடுத்தார்கள்.

ஜோடி கிடைக்கவில்லை. அதே சுரங்கத்தில் பிறகு வந்த எல்.எச்.சி.யிலும் இன்றுவரை இல்லை. ஆனால் அதன் ராட்சத காந்தங்களைத் தாங்கி, மட்டம் சரிசெய்யும் ஜாக்குகள் ஆயிரக்கணக்கில் இந்தியப் பட்டறைகளில் செய்து அனுப்பியவை. பட்டறை வேலைக்கும் இந்தத் தேடலில் பங்கு உண்டு, நண்பர்களே!