தோற்றுப்போன உரம் சொல்லும் பாடம்

தக்காளிக்கு எத்தனை மூட்டை டி.ஏ.பி. என்று உரக்கடையில் கேட்கும் முன், 150 ஆண்டுகளுக்கு முன்பு மறைந்த ஒரு வேதியியலாளரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

யூஸ்டஸ் லீபிக் 1803-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். தந்தை சாயம், ரசாயனப் பொருள் வியாபாரி. 1816-ல் கோடையே வராமல் ஐரோப்பாவில் விளைச்சல் பொய்த்தபோது அவருக்கு வயது 13. 21 வயதில் கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மண்ணிலுள்ள மட்கை உண்டே பயிர் வளர்கிறது என்று அன்று பலரும் நம்பினர். பயிர் தாதுச்சத்துகளையும் எடுக்கிறது. அறுவடையோடு வெளியேறுவதை மண்ணுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று 1840-ல் வெளியிட்ட நூலில் லீபிக் வாதிட்டார். எந்தச் சத்து மிகக் குறைவோ, அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும் என்பதை முதலில் சொன்னவர் ஸ்பிரெங்கல்; அதை ஊரறியச் செய்தவர் லீபிக்.

1845-ல் அவரது உரம் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. பலன் இல்லை. மழையில் கரைந்து ஓடிவிடும் என்று பயந்து, சத்துகளை உருக்கி எளிதில் கரையாதபடி செய்திருந்தார். உரம் மண்ணில் கிடந்தது, வேருக்குக் கிட்டவில்லை. தழைச்சத்து காற்றிலிருந்தே போதுமான அளவு கிடைக்கும் என்ற அவரது கருத்தையும் ராதம்ஸ்டெட் வயல் ஆய்வுகள் பொய்யாக்கின. மண்ணே சத்துகளைப் பிடித்துவைக்கும் என்பது பின்னர் தெரிந்தபோது, உரம் தயாரித்ததில் செய்த தவறை ஒப்புக்கொண்டார். 1873-ல் மூனிக்கில் காலமானார்.

மண்ணில் இருப்பது வேறு, பயிருக்குக் கிட்டுவது வேறு. மண் பரிசோதனை அட்டை காட்டுவது கிட்டும் அளவைத்தான். மணிச்சத்து எக்டருக்கு 11 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குறைவு; 22 கிலோவுக்கு மேல் அதிகம். வருடாவருடம் டி.ஏ.பி. போட்ட வயலில் மணிச்சத்து மிகுந்து, துத்தநாகம் கிட்டாமல் போகலாம். அங்கே இன்னொரு மூட்டை போடுவது காசுக்குக் கேடு.

தக்காளி ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை: எக்டருக்கு அடியுரமாகத் தழை 75, மணி 100, சாம்பல் சத்து 50 கிலோ, நட்ட 30-ம் நாள் மண் அணைக்கும்போது தழைச்சத்து 75 கிலோ. பரிசோதனை முடிவு இருந்தால் அதன்படி கூட்டியோ குறைத்தோ இடுங்கள்.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நடுவே உங்களிடம் மிஞ்சியிருக்கும் நிலம் கொஞ்சம்தான். உரமிடும் முன், வரப்போரமும் எருக்குவியல் இடமும் தவிர்த்து, 10, 15 இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரை கிலோவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். லீபிக் செய்த தவறை உங்கள் காசில் திரும்பச் செய்ய வேண்டாம்.