வாவிக்கரை தந்த யாழ்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அழைப்பது இம்மண்ணின் வழக்கு. படுவான்கரையின் பழுகாமத்தில் திரௌபதி அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். தெற்கே கடலோரக் காரைதீவில் கண்ணகி அம்மன். பாரதமும் சிலப்பதிகாரமும் இங்கு ஏட்டோடு நின்றுவிட்டவை அல்ல. தீமிதிப்பாகவும் வைகாசிக் குளிர்த்தியாகவும் மக்களின் வாழ்வோடு கலந்தவை. அத்தகைய சூழலில் பிறந்த ஒருவர், பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தின் வரிகளிலிருந்து, மறைந்துபோன ஓர் இசைக்கருவியையே மீட்டெடுக்க முனைந்தார் என்பது தற்செயலானது எனக் கொள்ள மனம் ஒப்பவில்லை. அவரே சுவாமி விபுலானந்தர்.

1892ஆம் ஆண்டு காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் சித்தியெய்தினார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகவும் மானிப்பாயில் அதிபராகவும் கடமையாற்றிய பின், 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் இணைந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். நாடு திரும்பியதும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றதும், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்ததும் எம் மாவட்டத்தவர் நன்கறிந்த செய்திகளே.

நாம் இங்கு விரித்துரைக்க விரும்புவது வேறொன்று. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற காலத்திலிருந்து அவரது சிந்தையை ஆட்கொண்டது யாழ். சங்கப் பாடல்களில் பாணரின் தோளில் தொங்கிய அந்தக் கருவி, பல நூற்றாண்டுகளாகத் தமிழர் கையில் இல்லை. வளைந்த தண்டில் நரம்புகள் கட்டிய அதே குடும்பத்துக் கருவியைப் பர்மியர் சௌங் என்ற பெயரில் இன்றுவரை மீட்டி வருகின்றனர். பேரிலக்கியங்களில் யாழைப் போற்றிய நாமோ அதன் உருவத்தைக்கூட மறந்துபோனோம். எஞ்சியிருந்தவை சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் சில அடிகளும், அவற்றுக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும், கோயிற் சிற்பங்களும்தான். பேரியாழுக்கு 21 நரம்புகள், செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகள் என்று உரை கூறுகிறது. ஆயின் எந்த நரம்பு எந்தச் சுரத்தை ஒலிக்கும்? பாலைகள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் திரிவது எவ்வாறு? தேவாரப் பண்கள் இன்றைய இராகங்களில் எவற்றோடு பொருந்தும்? இவற்றுக்குத் தமிழ்ப் புலமை மட்டும் விடை தராது. இசை மட்டும் அறிந்தவருக்கும் இயலாது.

மயில்வாகனனார் கற்ற விஞ்ஞானம் இங்கேதான் கைகொடுத்தது. நரம்பின் நீளத்துக்கும் அதன் அதிர்வுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, ஒரு தானத்துக்கு 22 அலகு என்ற அளவை நிறுவி, பழைய உரைகாரரின் சொற்களை எண்களாக மாற்றிப் பார்த்தார் அவர். இடையில் 1939 முதல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்தில் ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியப் பணி. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி. உடல்நலக் குறைவு வேறு. எங்கு சென்றாலும் யாழ் ஆராய்ச்சி அவருடன் சென்றது.

1947 ஜூன் 5, 6ஆம் திகதிகளில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், யாழ் நூல் அரங்கேறியது. திருஞானசம்பந்தர் ஓடமேறி ஆற்றைக் கடந்த தலம் அது. வாவியில் தோணி கண்டு வளர்ந்தவருக்கு ஏற்ற அரங்கு என்றே சொல்லத் தோன்றுகிறது. அவரது கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்கள் அங்கு இசைக்கப்பட்டன. ஆறு வாரங்கள் கழித்து, ஜூலை 19ஆம் திகதி, கொழும்பில் அவர் மறைந்தார்.

அவரது முடிவுகள் அனைத்தையும் எல்லோரும் ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. ஒரு தானத்தில் 24 சுருதிகள் என்பது ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தின் கொள்கை. பண்டிதரின் மைந்தர் வரகுணபாண்டியன், யாழும் வீணையும் ஒன்றே என வாதிட்டு 1950இல் தனி நூலே எழுதினார். இத்தகைய விவாதம் ஒரு நூலுக்குக் கிடைக்கும் மரியாதை. எமது கவலையெல்லாம், விபுலானந்தர் பிறந்த மண்ணில் அந்த விவாதத்தில் பங்குகொள்ளக் கூடியவர்கள் எத்தனைபேர் இருக்கின்றனர் என்பதுதான்.

ஆண்டுதோறும் பேச்சுப் போட்டிகள் நடைபெறுகின்றன. மாணவர்கள் அவர் வகித்த பதவிகளை மனனம் செய்து ஒப்புவிக்கின்றனர். சிலைகளுக்கு மாலை அணிவிக்கப்படுகிறது. எனினும் யாழ் நூலை ஒருமுறையேனும் விரித்துப் பார்த்த ஆசிரியர்கள் மிகச் சிலரே என்பதை, பல விழா மேடைகளில் அமர்ந்த அனுபவத்தில் கூறுகிறோம். கடினமான நூல்தான், நாமும் பாலைத்திரிபியலைத் தாண்ட முடியாமல் இரண்டு முறை மூடிவைத்தவர்களே. அதனால்தான் அதற்கு எளிய விளக்கவுரை வேண்டும் என்கிறோம். விளக்கவுரையோடு, கையால் தொட்டு மீட்டிப் பார்க்க ஒரு யாழும் வேண்டும்.

யாழ் செய்வது இன்று நடவாத காரியமும் அன்று. சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் அண்மை ஆண்டுகளில் யாழ்களைச் செய்து, அவற்றைக் கொண்டு பாடல்களும் வெளியிட்டுள்ளார். கல்லடியில் சுவாமியின் பெயரையே தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. கூத்துக்குக் களரி அமைக்கவும் மத்தளம் வார்க்கவும் தெரிந்த கைகள் படுவான்கரையில் இன்னும் உண்டு. இவர்களை ஒன்றுகூட்டினால், யாழ் நூலின் அளவுகளைக் கொண்டு எம் ஊர் மரத்தில் ஒரு செங்கோட்டியாழ் செய்துவிடலாம்.

முழுநிலா நாளில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பர். அந்த ஒலியை நீரர மகளிரின் இன்னிசையாகக் கண்டு பாடியவர் விபுலானந்தர். அப்பாலத்துக்கு அண்மையில், சிவானந்த வித்தியாலய வளவில் அவரது சமாதி உள்ளது. அடுத்த நினைவு தினத்தில் மாலைகளுக்குப் பதிலாக ஏழு நரம்புகள் கொண்ட ஒரு யாழை அங்கு கொண்டுசெல்லப் பழுகாமத்து இளைஞர்கள் முன்வருவார்களாயின், அதற்குரிய மரத்தைத் தேடித் தருவதற்கு நாம் ஆயத்தமாக உள்ளோம்.