வாளை வாசலில் வைத்த வீரர்: அருளாளர் தகயாமா உகோன்

தேநீர் அருந்துவது நமக்கு அன்றாட வழக்கம். காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை என ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும். ஜப்பானியரோ தேநீர் அருந்துவதையே ஒரு தவம்போல் போற்றி வளர்த்தனர். அச்சடங்கை அவர்கள் மொழியில் 'சா-நோ-யு' என்பர். 'சா' என்றால் தேநீர். கேரளத்தாரின் 'சாயா'வுக்கு உறவான சொல். 'யு' என்றால் வெந்நீர். நடுவில் நிற்கும் 'நோ' நம் இலக்கணத்தின் ஆறாம் வேற்றுமை உருபைப் போன்றது. ஆகவே, தேநீரின் வெந்நீர் என்பதே அந்தப் பெரிய சடங்கின் எளிய பெயர். 'சாதோ', அதாவது தேநீர் நெறி, என்றும் அதனை வழங்குவர். அந்நெறியில் தேர்ந்து விளங்கி, நம் திருச்சபையில் அருளாளராகவும் உயர்ந்த ஒரு மாவீரரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

நம் முத்துக்குளித்துறையில் மறைப்பணி ஆற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார், 1549ஆம் ஆண்டு ஜப்பானின் ககோஷிமாவில் சென்று இறங்கினார். அவர் விதைத்த விதை முளைவிடத் தொடங்கிய காலத்தில், ஏறத்தாழ 1552இல், தகயாமா உகோன் ஒரு படைத்தலைவரின் மகனாகப் பிறந்தார். லோரென்சோ என்னும் ஜப்பானியச் சகோதரரின் போதனையே அக்குடும்பத்தை மனந்திருப்பியது. அவர் கண்பார்வை மங்கியவர். வீணை போன்றதோர் இசைக்கருவியை மீட்டிப் பிழைத்து வந்தவர். உகோனின் தந்தை 'தாரியோ' என்ற பெயருடன் திருமுழுக்குப் பெற்றார். உகோனும் ஏறத்தாழ 12 வயதில் திருமுழுக்குப் பெற்று 'ஜுஸ்தோ' ஆனார். நீதிமான் என்பது அப்பெயரின் பொருள்.

இளமையில் உகோன் போர்க்களத்திலேயே வளர்ந்தார். 1573இல் நடந்த ஒரு வாட்போரில் பலத்த காயமுற்று உயிர் தப்பினார். அதே ஆண்டில் தகத்சுகி கோட்டைக்குத் தலைவரானார். அங்கே ஓர் ஏழை இறந்தால், தந்தையும் மகனும் தாமே பிணப்பெட்டியைத் தோளில் சுமந்து சென்றனர். மிகத் தாழ்ந்தோரின் தொழில் என்று அந்நாட்டார் ஒதுக்கிய வேலையைக் கோட்டைத் தலைவரே செய்யக் கண்டு மக்கள் வியந்தனர்.

அக்காலத்தில் தேநீர்க் கலையின் தலைசிறந்த ஆசானாக விளங்கியவர் சென் நோ ரிக்யூ (1522-1591). அவருடைய முதன்மைச் சீடர் எழுவருள் உகோனும் ஒருவராக எண்ணப்படுகிறார். ரிக்யூ பொன்னையும் பகட்டையும் நாடாதவர். இரண்டு பாய் விரிக்கும் அளவுள்ள சிற்றறையே அவருக்குப் போதுமானது. அவர் முறைப்படி அமைந்த அறையின் வாசல் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் சதுரமே. எத்தனை பெரிய பிரபுவும் வாளை வெளியே வைத்துவிட்டு, தலைகுனிந்து, முழந்தாளில் நகர்ந்துதான் உள்ளே செல்ல வேண்டும். உள்ளே பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பச்சைத் தேயிலைத் தூளில் வெந்நீர் வார்த்து, மூங்கிலாலான சிறு மத்தினால் கலக்குவர். கெட்டியான தேநீரை விருந்தினர் அனைவரும் ஒரே கிண்ணத்திலிருந்து, விளிம்பைத் துடைத்துத் துடைத்துப் பருகுவர். அங்கே பெரியவர், சிறியவர் என்ற பேதமில்லை. இணக்கம், மரியாதை, தூய்மை, அமைதி என்னும் நான்கும் இந்நெறியின் தூண்கள்.

உகோனுக்கு அந்தச் சிற்றறை செபக்கூடமாகவும் இருந்தது. மனத்தை ஒருமுகப்படுத்தவும் நற்குணத்தில் வளரவும் தேநீர் நெறி தமக்கு உதவுவதாக அவர் கருதினார். திருவுருவம் ஒன்றை உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, தம்மை இறைவனிடம் ஒப்படைப்பார். இச்செய்தியை நமக்கு எழுதி வைத்தவர், ஜப்பானில் பல்லாண்டு வாழ்ந்த ரொட்ரீகஸ் என்னும் இயேசு சபையார்.

செபத்தில் பெற்ற அந்த உறுதிக்குச் சோதனைக் காலம் வந்தது. 1587ஆம் ஆண்டு, நாட்டை ஆண்ட ஹிதெயோஷி மறைபரப்பாளர்களை வெளியேறும்படி ஆணையிட்டார். உகோன் விசுவாசத்தைக் கைவிட வேண்டும். இல்லையேல் பதவியை இழக்க வேண்டும். அப்போது அவர் ஆண்ட அகாஷிப் பகுதி 60,000 கோகு அரிசி விளையும் செழிப்பான நிலம். ஒரு கோகு என்பது ஒருவர் ஓராண்டு உண்பதற்கான அரிசி. உகோனின் மனத்தை மாற்ற ஆசான் ரிக்யூவையே ஹிதெயோஷி தூது அனுப்பியதாக ஜப்பானியக் குறிப்பு கூறுகிறது. குருவின் சொல்லைத் தட்டுவது எத்தனை கடினம்! ஆயினும், தலைவரின் கட்டளையே ஆனாலும் ஏற்றுக்கொண்ட நெறியை மாற்றுவது வீரனுக்கு அழகன்று என்பதே உகோனின் முடிவாயிற்று. நிலத்தையும் கோட்டையையும் ஒரே நாளில் துறந்தார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் ரிக்யூவும் அதே ஹிதெயோஷியின் கட்டளையால் உயிர் துறக்க நேர்ந்தது.

பின்னர் உகோன் கனசாவாவில் மயேதா பிரபுவின் ஆதரவில் ஏறத்தாழ 26 ஆண்டுகள் வாழ்ந்தார். தேநீர்க் கலையை வளர்த்தார், கிறிஸ்தவர்களைத் தேற்றினார். 1614இல் தொகுகவா இயேயாசுவின் அரசு கிறிஸ்தவ மறைக்கு முற்றிலும் தடை விதித்தது. அறுபதைக் கடந்த உகோன், மனைவி, மகள், பேரப்பிள்ளைகளுடன் பனிமலைகளைக் கடந்து நடந்தார். அவ்வாண்டு நவம்பரில் நாகசாகியிலிருந்து ஏறத்தாழ 300 கிறிஸ்தவர்களுடன் நாடு கடத்தப்பட்டார். மணிலா நகரம் அவரைச் சிறப்பாக வரவேற்றது. ஆனால் பயணத்தில் நலிந்த உடல் தாங்கவில்லை. காய்ச்சல் கண்டு, 1615 பிப்ரவரித் தொடக்கத்தில் இறைவனடி சேர்ந்தார். மணிலாவில் அவர் கால் பதித்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை.

அவரை யாரும் வாளால் வெட்டவில்லை. எனினும் விசுவாசத்திற்காக ஏற்ற துன்பமே அவர் உயிரைக் கொண்டது என்பதால், திருச்சபை அவரை மறைசாட்சியாக மதித்து, 2017 பிப்ரவரி 7 அன்று ஒசாகாவில் அருளாளர் நிலைக்கு உயர்த்தியது.

அன்புத் தோழியரே! நம்மிடம் துறப்பதற்குக் கோட்டையும் இல்லை, கழற்றி வைப்பதற்கு வாளும் இல்லை. ஆனால் நான் பெரியவள் என்ற எண்ணமும், கூரிய சொல்லும் நம்மிடமும் உண்டன்றோ? கோவிலுக்குள்ளும், வகுப்பறைக்குள்ளும், வீட்டிற்குள்ளும் நுழையுமுன் அவற்றை வாசலிலேயே வைத்துவிடப் பழகுவோம். சிறியவற்றைத் துறந்து பழகியவருக்கே பெரியதைத் துறக்கும் நாளில் கை நடுங்காது என்பதை அருளாளர் உகோனின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.