படகோட்டிய கொத்தனார்

இந்தப் பக்கத்தில் அர்ச்சிஷ்டவர்களின் சரித்திரங்களை வாசித்துப் பழகியவர்கள் நீங்கள். இவ்வாரம் சொல்லப்போவது அப்படிப்பட்ட சரித்திரம் அல்ல. இவருக்குப் பீடமும் இல்லை, திருநாளும் இல்லை. இவர் ஒரு கொத்தனார். செங்கல் அடுக்கிக் கூலி வாங்கிய கையால் துடுப்பு வலித்து, உலகத்தில் முதல்வர் என்று பெயரெடுத்தவர். கூலி வாங்கிய கை என்பதற்காகவே அந்தக் கையை ஓரிடத்தில் வேண்டாம் என்று தள்ளினார்கள். அந்த அவமானத்தை அவர் எப்படித் தாங்கினார், பிற்பாடு அதை யார் தோளில் ஏற்றினார் என்பதே நமக்கு விஷயம்.

ஜான் பிரெண்டன் கெல்லி 1889-ம் வருஷம் அக்டோபர் மாதம் 4-ந் தேதி அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தின் ஈஸ்ட் பால்ஸ் என்ற பகுதியில் பிறந்தார். தாயும் தகப்பனும் அயர்லாந்து தேசத்து மேயோ மாகாணத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த கத்தோலிக்கர். பிள்ளைகள் பத்துப் பேர். பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பிழைப்பு எப்படியிருக்கும் என்று உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவ்வூர் நெசவாலைகளில் அந்தக் குடும்பம் பாடுபட்டது. ஜானும் சிறு வயதிலேயே ஆலைக்குப் போனார். பிறகு அண்ணன் பாட்ரிக் நடத்திவந்த கட்டட வேலையில் சேர்ந்து, கரணை பிடித்துச் சாந்து பூசிச் செங்கல் வைக்கக் கற்றுக்கொண்டார். இன்னொரு அண்ணன் வால்ட்டர் மேடையில் நடித்துப் புகழ் பெற்றார். மற்றொரு சகோதரர் ஜார்ஜ் நாடகம் எழுதி 1926-ல் புலிட்சர் பரிசு பெற்றார். ஏழைக் குடும்பந்தான், சோம்பேறிக் குடும்பம் அல்ல.

பிலடெல்பியா நகரத்தின் ஊடே ஸ்கூகில் என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையோரம் படகுக் கழகங்கள் வரிசையாக இருக்கின்றன. வேலை விட்டதும் ஜான் அங்கே போய்விடுவார். 1909-ல் வெஸ்பர் என்ற கழகத்தில் சேர்ந்தார்.

பந்தயப் படகைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது நம் கடற்கரைக் கட்டுமரம் போன்றதோ வள்ளம் போன்றதோ அல்ல. ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயப் படகு நான்கு ஆள் நீளத்துக்கும் மேல் இருக்கும். அகலமோ ஓர் ஆள் இடுப்புக்குச் சரி. துடுப்புகளைக் கைவிட்டால் அக்கணமே கவிழும். உட்காரும் பலகை சக்கரத்தின்மேல் முன்னும் பின்னும் நகரும். ஆகவே வேலையில் பெரும்பாகம் கைக்கு அல்ல, காலுக்கும் முதுகுக்கும்தான். இன்னொரு வேடிக்கை: படகோட்டி போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். எல்லையைப் பாராமலேயே எல்லைக்குப் போக வேண்டும். பிந்தியவர்களை அவர் பார்க்கலாம், முந்தியவரைப் பார்க்க முடியாது. ஏழெட்டு நிமிஷத்தில் பந்தயம் முடிந்துவிடும். அதற்குள் நெஞ்சு வெடித்துவிடும்போல் ஆகும் என்பார்கள்.

இந்தப் படகில் ஜான் கெல்லிக்கு ஈடில்லை என்று சில வருஷங்களுக்குள் தெரிந்துவிட்டது. நடுவில் முதல் மகாயுத்தம் வந்தது. பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, அதிகாரியாகத் திரும்பினார். திரும்பியதும் சகோதரர்களிடம் 7,000 டாலர் கடன் வாங்கிச் சொந்தமாகச் செங்கல் வேலைக் குத்தகை எடுக்க ஆரம்பித்தார். பகலில் கட்டடம், அதற்கு முன்னும் பின்னும் ஆறு. 1919, 1920 ஆகிய இரண்டு வருஷங்களில் தொடர்ந்து 126 பந்தயங்கள் ஜெயித்தார் என்று கணக்குச் சொல்வதுண்டு.

அந்தக் காலத்தில் படகோட்டிகளுக்கெல்லாம் பெரிய ஆசை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஹென்லி என்ற சிற்றூரில் 1839 முதல் வருஷந்தோறும் பந்தயம் நடக்கிறது. அதில் தனி ஆள் படகுக்கு உரிய பரிசுக்கு டைமண்டு ஸ்கல்ஸ் என்று பெயர். 1920-ல் கெல்லி அதற்கு மனுச் செய்தார். பந்தயத்துக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது, மனு ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது.

ஏன்? வாசகர்களே, இதை நியாயமாகவே சொல்லிவிட வேண்டும், காரணங்கள் இரண்டு இருந்தன. 1905-ல் வெஸ்பர் கழகத்தார் ஹென்லிக்குப் போனபோது பொதுமக்களிடம் பணம் வசூலித்துச் செலவு செய்தார்கள் என்று பிற்பாடு வெளிப்பட்டதால், இனி அக்கழகத்தார் எவரையும் சேர்ப்பதில்லை என்று ஹென்லியில் முடிவு செய்திருந்தார்கள். அப்போது ஜான் பதினைந்து வயதுப் பையன், அந்தக் கழகத்தில் சேரவும் இல்லை. இது முதல் காரணம். இரண்டாவதுதான் உறுத்துவது. கைத்தொழில் செய்து கூலி வாங்குகிறவனோ, எப்போதாவது வாங்கியவனோ இந்தப் பந்தயத்துக்கு உரியவன் அல்ல என்று அவர்கள் சட்டத்தில் எழுதியிருந்தது. கெல்லி கொத்து வேலை செய்தவர். ஆகையால் தகுதியற்றவர்.

உடலுழைப்பால் தசை முறுக்கேறிவிடும், அதனால் கனவான்களுக்கு அநீதி என்று அந்தச் சட்டத்துக்குச் சமாதானம் சொன்னார்கள். நாள் முழுவதும் சுவர் எழுப்பிவிட்டு மாலையில் துடுப்பைத் தொடுகிறவனுக்கா, வேலை வெட்டி இல்லாமல் காலை முதல் ஆற்றிலே இருக்கக்கூடியவனுக்கா, யாருக்கு வசதி அதிகம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நம் ஆண்டவர் நாசரேத்தூரில் தச்சு வேலை செய்தார். அர்ச். சூசையப்பரும் அப்படியே. அந்தச் சட்டப்படி பார்த்தால் அவர்களுக்கும் ஹென்லியில் இடமில்லை. தொழிலாளிகளின் நியாயத்தைப் பற்றி 13-ம் சிங்கராயர் பாப்பரசர் தமது நிருபத்தை வெளியிட்டது 1891-ல், அப்போது கெல்லி தொட்டில் பிள்ளை. தொழிலாளியான அர்ச். சூசையப்பர் திருநாளை 12-ம் பத்திநாதர் ஏற்படுத்தியது 1955-ல், அப்போது அவர் கிழவர். இரண்டுக்கும் நடுவே ஓடிய காலம் அவருடைய காலம்.

அதே 1920-ல் ஒலிம்பிக் பந்தயங்கள் பெல்ஜியம் தேசத்து ஆன்ட்வெர்ப் நகரத்தில் நடந்தன. படகுப் பந்தயம் மட்டும் புருஸ்ஸல்ஸ் பக்கத்தில் ஒரு வாய்க்காலில். ஹென்லியின் புல்தரையும் பூந்தோட்டமும் அங்கே இல்லை. இருபுறமும் தொழிற்சாலைச் சுவர்களும் எண்ணெய்த் தொட்டிகளுந்தான். ஆகஸ்டு 29-ந் தேதி இறுதிப் பந்தயம். எதிரே நின்றவர் இங்கிலாந்தின் ஜாக் பெரஸ்போர்டு, வயது 21. யுத்தத்தில் காலில் குண்டடி பட்டு மீண்டவர். அவ்வருஷம் ஹென்லியில் டைமண்டு ஸ்கல்ஸ் பரிசை வாங்கியவர் அவரேதான். கெல்லிக்கோ ஏறக்குறைய 31 வயது. யாரைப் பந்தயத்துக்கே சேர்க்கவில்லையோ, யார் அப்பந்தயத்தில் ஜெயித்தாரோ, அந்த இருவரும் இப்போது ஒரே வாய்க்காலில் பக்கத்துப் பக்கத்தில்! ஹென்லிக்காரர்கள் தடுத்தது இங்கே தானாகவே நடந்தது.

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கெல்லி எல்லையைக் கடந்தது 7 நிமிஷம் 35 விநாடியில், பெரஸ்போர்டு 7 நிமிஷம் 36 விநாடியில். ஒரே ஒரு விநாடி. பந்தயம் முடிந்ததும் கை குலுக்கிக்கொள்ளக்கூட இருவருக்கும் சக்தி இல்லை என்று சொல்வார்கள். பெரஸ்போர்டின்மேல் ஒரு குற்றமும் கிடையாது, சட்டத்தை எழுதியவர் அவர் அல்ல. அவர் பின்னும் நான்கு ஒலிம்பிக் பந்தயங்களில் வரிசையாகப் பதக்கம் வாங்கிய மகா வீரர்.

ஆனால் கேளுங்கள், கெல்லிக்கு அன்றைய வேலை முடியவில்லை. ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குள் இருவர் படகில் மறுபடி இறங்கினார். கூட இருந்தவர் தாய்வழி உறவான பால் காஸ்டெல்லோ. அதிலும் இத்தாலியரைப் பத்து விநாடி பின்னால் தள்ளி ஜெயித்தார்கள். ஒரே நாளில் இரண்டு தங்கப் பதக்கம். நாலு வருஷம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இதே ஜோடி இருவர் படகில் ஜெயித்தது. ஜெயித்த கையோடு தமது வியர்வை படிந்த பச்சைக் குல்லாயை இங்கிலாந்து அரசருக்குத் தபாலில் அனுப்பினார் என்று ஒரு கதை வெகு நாளாக உலவுகிறது. கதை ருசியாகத்தான் இருக்கிறது. நாம் அதன்மேல் சாரம் கட்ட வேண்டாம்.

1924-ம் வருஷம் ஜனவரியில் மார்கரெட் மாயர் என்பவளை மணந்தார். அவள் ஜெர்மன் வம்சத்தாள், லூதரன் சபையில் வளர்ந்தவள். கத்தோலிக்க வேதத்தில் சேர்ந்த பின், ஈஸ்ட் பால்ஸிலுள்ள அர்ச். பிரிஜித்தம்மாள் கோவிலில் மெய்விவாகம் நடந்தது. மூன்று பெண்ணும் ஒரு பிள்ளையும் பிறந்தார்கள். செங்கல் வியாபாரம் ஓங்கி, கெல்லி கோடீசுவரரானார். 1935-ல் பிலடெல்பியா மேயர் பதவிக்கு நின்று தோற்றார். இரண்டாம் மகாயுத்த சமயத்தில், ஜனங்களின் தேகப்பயிற்சியைக் கவனிக்கும் பொறுப்பை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவருக்குக் கொடுத்தார். இவற்றை விரிக்க இங்கே இடமில்லை.

விரிக்க வேண்டியது அவருடைய பிள்ளையைப் பற்றி. 1927-ல் பிறந்த அந்தப் பிள்ளைக்கும் ஜான் என்றே பெயர் வைத்தார். துடுப்புப் பிடிக்கத் தெரிந்த வயதிலிருந்தே தகப்பன் அவனைப் பழக்கினார். எதற்காக? ஹென்லிக்காக. தமக்குச் சாத்திய கதவைத் தம் இரத்தம் திறந்துகொண்டு போகவேண்டும் என்று. கைத்தொழிலாளி பற்றிய அந்தச் சட்டத்தை 1937-ல் ஹென்லியார் நீக்கிவிட்டார்கள். கதவு திறந்தாயிற்று, ஆனால் தகப்பனின் மனசில் அது சாத்தியே இருந்தது.

மகன் 1946-ல் போனான். இறுதிப் பந்தயம்வரை வந்து ஒரு பிரெஞ்சுக்காரரிடம் தோற்றான். 1947-ல் மறுபடி போனான், டைமண்டு ஸ்கல்ஸ் பரிசை வாங்கினான். தகப்பனுக்கு இல்லை என்றதற்கு 27 வருஷத்துக்குப் பின், அதே பெயர் அந்தப் பரிசுக்கு உரியதாயிற்று. அப்போது பையனுக்கு 20 வயது. 1949-ல் இன்னொரு முறையும் வாங்கினான்.

இதை வாசிக்கும்போது கைதட்டத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. ஆனால் பெற்றோராகிய நீங்கள் கொஞ்சம் நிற்கவேண்டும். அந்தப் பிள்ளை வேறு எதையாவது விரும்பியிருந்தால்? பிறக்கும் முன்னே நடந்த அவமானம் அவன் தோளில் ஏற்றப்பட்டது. ஹென்லியில் ஜெயித்தும் கடன் தீரவில்லை, தகப்பனுடைய ஒலிம்பிக் தங்கம் பாக்கி இருந்தது. 1948, 1952, 1956 என்று தனிப் படகில் மூன்று முறை முயன்றான். கடைசியில் மெல்பர்னில் மூன்றாம் இடம் கிடைத்தது. அந்த வெண்கலப் பதக்கத்தை, அவ்வருஷம் மணமான தங்கைக்குச் சீராகக் கொடுத்துவிட்டான் என்பார்கள்.

அந்தத் தங்கைதான் கிரேஸ் கெல்லி. திரைப்பட நட்சத்திரம், 1956 ஏப்ரலில் மொனாக்கோ தேவாலயத்தில் இளவரசர் மூன்றாம் ரெய்னியரை மணந்தவள். சிறு வயதில் நோஞ்சான், விளையாட்டில் நாட்டமில்லாதவள். தகப்பனின் கண்மணி மூத்தவள்தான். கிரேஸ் ஆஸ்கார் பரிசு வாங்கியபோது, பேர் வாங்கப் போகிறவள் மூத்தவள் என்றல்லவா நினைத்திருந்தேன் என்று அவர் வெளிப்படையாகவே ஆச்சரியப்பட்டாராம். பந்தயத்தில் எல்லைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பழகியவர், வீட்டிலும் சில சமயம் அப்படியே உட்கார்ந்துவிட்டார் போலும்.

1960-ம் வருஷம் ஜூன் 20-ந் தேதி தமது 70-ம் வயதில் மரித்தார். பூசை அதே அர்ச். பிரிஜித்தம்மாள் கோவிலில் நடந்தது. அவர் விட்டுப்போன மரண சாசனம் ஊரெங்கும் பேசப்பட்டது. வக்கீல் பாஷையை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளுடன் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் எழுதியிருந்தார். மருமகன்மாருக்குப் பங்கில்லை, அவர்கள்மேல் வெறுப்பு ஒன்றுமில்லை, தகுதியானவர்களாயிருந்தால் தங்கள் குடும்பத்தைத் தாங்களே காப்பார்கள் என்றார். அந்த மருமகன்மாரில் ஒருவர் ஒரு நாட்டை ஆண்டுகொண்டிருந்தார்! பொருளா நற்குணமா, இரண்டில் ஒன்றைத்தான் உங்களுக்குக் கொடுக்கலாம் என்றால் நற்குணத்தையே கொடுப்பேன் என்றும் அதில் எழுதியிருந்தார்.

ஸ்கூகில் ஆற்றங்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். படகில் உட்கார்ந்து துடுப்புப் பிடித்த கோலம். 1981-ல் ஹென்லியார் மொனாக்கோ இளவரசி கிரேஸை அழைத்து, அவ்வருஷப் பரிசுகளை அவள் கையால் வழங்கச் செய்தார்கள். கொத்தனார் மகளின் கையிலிருந்து ஜெயித்தவர்கள் கிண்ணங்களை வாங்கிப் போனார்கள். மறு வருஷமே அவள் மோட்டார் விபத்தில் மரித்தாள்.

மகன் ஜான் கடைசிவரை அந்த ஆற்றை விடவில்லை. 1985-ம் வருஷம் மார்ச் மாதம் 2-ந் தேதி, வழக்கம்போல் காலையில் துடுப்பு வலித்துவிட்டு, நகரத்துக்குள் ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தபோது மாரடைப்பால் தெருவில் விழுந்து இறந்தார். வயது 57. ஆற்றோரமாகப் போகும் சாலைக்கு அவர் பெயரை இட்டிருக்கிறார்கள். தகப்பனின் சிலை அந்தச் சாலையில்தான் இருக்கிறது.