விரல்கள் மடங்கின, வண்ணம் மங்கவில்லை

ஓவியர் ரெனுவாரின் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய படங்களில் ஒன்றையாவது பார்த்திருக்கக் கூடும். மரநிழலில் வெயில் புள்ளி புள்ளியாக விழ, ஜோடி ஜோடியாக ஆடும் மக்கள். ஆற்றோரத்தில் சிரித்துப் பேசி விருந்துண்ணும் நண்பர்கள். பியானோ முன் இரண்டு சிறுமிகள். காலண்டர்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் அச்சாகி உலகெங்கும் போனவை அவை. இவற்றை வரைந்தவர் நோய் நொடி அறியாத மனிதராகத்தான் இருந்திருப்பார் என்று எண்ணத் தோன்றும்.

உண்மை அதற்கு நேர்மாறானது. 78 ஆண்டுகள் வாழ்ந்த அவர், கடைசி கால் நூற்றாண்டுக்கும் மேலாக முடக்குவாதத்தோடு குடித்தனம் நடத்தினார். கை விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிப் போயின. கால்கள் நடையை மறந்தன. ஆயினும் தூரிகையை அவர் விடவில்லை. எப்படி முடிந்தது?

தையற்காரர் மகன்

பியர் அகுஸ்த் ரெனுவார் 1841 பிப்ரவரி 25-ல் பிரான்ஸ் நாட்டில் லிமோஜ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை தையற்காரர். தாயும் தையல் வேலை செய்தவர். பிழைப்புத் தேடிக் குடும்பம் பாரிஸ் மாநகருக்குக் குடியேறியது. சொந்த ஊரை விட்டுப் பெரிய நகரத்துக்கு வந்து ஒண்டுக் குடித்தனம் செய்வது என்றால் என்ன என்பதை நம்மைப் போலவே அவர்களும் அறிந்திருந்தார்கள்.

பையனுக்கு 13 வயதானபோது பீங்கான் தொழிலகம் ஒன்றில் வேலைக்கு விட்டார்கள். தட்டுகளிலும் கோப்பைகளிலும் பூ வரைவது வேலை. சில ஆண்டுகளில் பீங்கானில் படத்தை அச்சடிக்கும் இயந்திரம் வந்தது. கையால் வரைந்தவர்களின் பிழைப்பு போயிற்று. விசிறிகளிலும் சன்னல் திரைகளிலும் படம் வரைந்து காசு சேர்த்த ரெனுவார், 1862-ல் பாரிஸ் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். மோனே, சிஸ்லி, பாசில் ஆகிய மூவரும் அங்கே படித்த காலத்தில் கிடைத்த தோழர்கள்.

1874-ல் இந்தக் கூட்டத்தார் சொந்தமாக ஒரு கண்காட்சி நடத்தியபோது, பத்திரிகைகள் எள்ளி நகையாடின. வண்ணம் வாங்கவே காசில்லாத காலமும் இருந்தது. ஆனால் ரெனுவார் சளைக்கவில்லை. 1876-ல் நடனத் தோட்டப் படம், 1881-ல் படகு விருந்துப் படம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. படகு விருந்தில் நாய்க்குட்டியைக் கொஞ்சிக் கொண்டிருக்கும் பெண்தான் அலீன். தையல் வேலை பார்த்த கிராமத்துப் பெண். 1890-ல் அவரை மணந்தார். பியர், ழான், குளோத் என்று மூன்று பிள்ளைகள்.

1892-ல் பிரெஞ்சு அரசாங்கமே அவருடைய பியானோ சிறுமிகள் படத்தை விலைக்கு வாங்கியது. வறுமை விலகியது. பெயரும் நிலைத்தது. அந்த ஆண்டை ஒட்டித்தான் மூட்டுகளில் முதல் வலி எட்டிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது 50-ஐ ஒட்டி.

காவற்காரனே அடித்தால்

முடக்குவாதம் வயதானவர்களுக்கு வரும் சாதாரண மூட்டுத் தேய்மானம் அல்ல. நம் உடலில் நோய்க் கிருமிகளை எதிர்க்க ஒரு காவற்படை இருக்கிறது. அந்தக் காவற்காரன், வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? அதுதான் இந்த நோய். மூட்டின் உள்சவ்வு வீங்குகிறது. நாளாவட்டத்தில் எலும்பு அரிக்கப்படுகிறது. விரல்கள் கோணுகின்றன. தோல், கண், நுரையீரல் என்று மற்ற உறுப்புகளையும் அது தொடலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

இந்த நோயின் இன்னொரு குணம், ஒருநாள் போல் மறுநாள் இராது என்பது. காலையில் எழுந்ததும் கை கால் மரக்கட்டை போல் விறைத்திருக்கும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இளகும். காலையில் பேனா பிடிக்க முடியாமல் தவிக்கிறவர், மதியம் சரளமாகப் பேரேடு எழுதுவார். இதைப் பார்த்து, வேலைக்கு டிமிக்கி கொடுக்க நடிக்கிறார் என்று பேசுகிறவர்கள் எந்த அலுவலகத்திலும் உண்டு. நோயின் வலியைவிட அந்தப் பேச்சின் வலி அதிகம். அதற்குப் பயந்தே பலர் நோயை மறைத்து, முடிந்த நாளில் இரண்டு ஆள் வேலையை இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, மறுவாரம் படுக்கையில் விழுகிறார்கள்.

ரெனுவாரும் முதலில் நோயைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. 1897-ல் மனைவியின் ஊரான எஸ்ஸுவாவில் மழை நாளில் சைக்கிளிலிருந்து விழுந்து வலக்கை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டிருந்த நாட்களில் இடக் கையால் வரைந்தார். அதன் பின் வலி அடிக்கடி வந்தது. வெந்நீர் ஊற்றுகளில் குளித்துப் பார்த்தார். அன்றிருந்த மாத்திரைகளைத் தின்று பார்த்தார். எதுவும் நோயைத் தடுக்கவில்லை. முதலில் ஒரு கைத்தடி, பிறகு இரண்டு, 1912 வாக்கில் சக்கர நாற்காலி என்று படிப்படியாக இறங்கினார்.

வீடே வைத்தியமாயிற்று

பாரிஸின் குளிர் ஒத்துக் கொள்ளாததால் தெற்கே மத்தியதரைக் கடலோரத்துக்குப் போனார். 1907-ல் கான்யே என்ற ஊரில், பழைய ஆலிவ் மரங்கள் நிறைந்த ஒரு தோட்டத்தை வாங்கினார். அந்த மரங்கள் வெட்டுப்படவிருந்தன. அவற்றைக் காப்பாற்றவே தோட்டத்தை வாங்கினார் என்பது குடும்பத்தில் சொல்லப்படும் செய்தி. அங்கே கட்டிய வீட்டில்தான் எஞ்சிய காலத்தின் பெரும் பகுதி கழிந்தது.

நோயை மாற்ற முடியவில்லை. ஆகவே வேலை செய்யும் முறையை மாற்றினார். ரெனுவாரின் பிற்கால வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

தோட்டத்தில் நாற்புறமும் கண்ணாடி வைத்த ஒரு கொட்டகை எழுப்பினார். வெயிலும் காற்றும் தாக்காமல் வெளிச்சத்தில் இருந்து வரைய அது உதவியது. பெரிய படத்தின் மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் கை எட்டாது. எனவே துணியை உருளைகளில் சுற்றி, கைப்பிடியைத் திருப்பினால் வேண்டிய பகுதி தம் முன்னால் வந்து நிற்கும்படி செய்து கொண்டார். கை படத்தை நோக்கிப் போவதற்குப் பதில், படம் கையை நோக்கி வந்தது. மரத்தடிக்குப் போக வேண்டுமானால் நாற்காலியில் கம்பு செருகிப் பல்லக்கு போல் தூக்கிச் சென்றார்கள்.

விரல்கள் ஓரளவு வளைந்த காலத்தில் தினமும் காலையில் பத்து நிமிடம் மூன்று சிறிய தோல் பந்துகளை மாறி மாறி மேலே எறிந்து பிடிப்பார். விழுந்தால் பொறுக்கிக் கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். அது முடியாமற்போனபோது சின்ன மரக்கட்டை ஒன்றை எறிந்து பிடித்தார். ஒன்று முடியாவிட்டால் அதைவிடச் சிறியது ஒன்று. ஒன்றுமே செய்யாமல் இருக்கவும் இல்லை. முடியாததைப் பிடிவாதமாகச் செய்து கையைக் கெடுத்துக் கொள்ளவும் இல்லை.

மனத்துக்கு மருந்து வீட்டிலேயே இருந்தது. அலீன் அந்த வீட்டை மருத்துவமனை போல் ஆக விடவில்லை. பிள்ளைகள், பணிப்பெண்கள், விருந்தினர் என்று எப்போதும் ஆள் நடமாட்டம். சமையல் செய்கிறவரும் குழந்தை பார்க்கிறவரும் படத்துக்கு உட்கார்ந்தார்கள். நோயாளியைத் தனியறையில் போட்டுக் கதவைச் சாத்தும் வழக்கம் அங்கே இல்லை.

எழுந்து நடந்த நாள்

அவர் வாழ்வில் மிகப் பெரிய முடிவு ஒன்றை எடுத்த நாளும் வந்தது. சக்கர நாற்காலிக்கு வந்த சமயம். பெயர் பெற்ற ஒரு மருத்துவரை நண்பர்கள் வரவழைத்தார்கள். சில வாரங்களில் நடக்க வைப்பதாக அவர் உறுதி சொன்னார். சத்துணவும் பயிற்சியும் கொடுத்து, ஒருநாள் கைலாகு கொடுத்து எழுப்பி நிறுத்தினார். வீட்டார் மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்த்திருக்க, ரெனுவார் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்துப் பலகையைச் சுற்றி வந்து நாற்காலியை அடைந்தார்.

எல்லோர் முகத்திலும் மகிழ்ச்சி. ஆனால் அவர் மருத்துவரிடம் நன்றி கூறி, நடையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். நடப்பதற்கு அவருடைய மனவலிமை முழுவதும் செலவாகிறது. பிறகு வரைய ஒன்றும் மிஞ்சாது. நடையா, ஓவியமா என்றால் ஓவியம். இதை மகன் ழான், தந்தையைப் பற்றி 1962-ல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். அதன் பின் ரெனுவார் நடக்கவே இல்லை.

இதைத் தோல்வி என்று சொல்லலாமா? மாதச் சம்பளக்காரர்களான நமக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். கையில் இருக்கும் தொகை இவ்வளவுதான். முதல் தேதியே எல்லாவற்றையும் செலவழித்தவன் இருபதாம் தேதி கடனுக்கு அலைவான். எதற்குக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பவனே மாதக் கடைசி வரை மானத்தோடு இருப்பான். உடல் வலுவும் அப்படித்தான். ரெனுவார் ஒரு செலவை நிறுத்தி, தமக்கு உயிரான செலவுக்குப் பணத்தை மிச்சம் பிடித்தார். மற்றவர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

கட்டிய தூரிகை என்ற கதை

தூரிகையை மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டி வரைந்தார் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அது சரியல்ல. அவருடைய தோல் மெலிந்து, எளிதில் புண்ணாகும் நிலையில் இருந்தது. மடங்கிய விரல் நகங்கள் உள்ளங்கையைக் கிழிக்காமல் இருக்க மெல்லிய துணிப் பட்டைகளைக் கையில் சுற்றினார்கள். யாராவது தூரிகையை விரலிடுக்கில் வைத்துவிட்டால், அவரே பிடித்து வரைவார். 1915-ல் சாஷா கித்ரி எடுத்த ஒரு சிறு சினிமாச் சுருளில் இதைக் காணலாம். இளைய மகன் குளோத் அருகில் நின்று உதவுகிறான். கிழவரின் கை விறுவிறுவென்று துணியின் மேல் பாய்கிறது. அவர் சிகரெட் பிடிப்பதும் அதில் தெரிகிறது. புகை பிடிப்பது இந்த நோய்க்கு ஒரு காரணம் என்று பிற்காலத்தில் மருத்துவர்கள் கண்டார்கள். அன்று யாரும் அதை அறியவில்லை.

கை முடங்கிய பிறகு சிற்பத்திலும் இறங்கினார். 1913 முதல் ரிஷார் கினோ என்ற இளைஞர், ரெனுவார் சொல்லச் சொல்லக் களிமண்ணில் உருவம் கொடுத்தார். பிறர் உதவியைப் பெறுவதில் அவர் வெட்கப்படவில்லை. ஆனால் அந்தச் சிற்பங்கள் நெடுங்காலம் ரெனுவார் பெயரில் மட்டுமே விலை போயின. கினோவும் அவற்றுக்கு உரிய கலைஞரே என்பது 1973-ல்தான் பிரெஞ்சு உயர் நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. உதவிய கைக்கும் பெயர் உண்டு என்பதை நோயாளியின் வீட்டாரும் நினைவில் வைக்க வேண்டும்.

போரும் பிரிவும்

1914-ல் உலகப் போர் மூண்டது. மூத்த பிள்ளைகள் இருவரும் போர்முனையில் காயம் பட்டார்கள். பியருக்குக் கையில், ழானுக்குக் காலில். நீரிழிவு நோயாளியான அலீன், மகனைப் பார்க்க நெடுந்தொலைவு பயணம் செய்து திரும்பிய பின் 1915 ஜூனில் காலமானார். இருபத்தைந்து ஆண்டுத் துணை போயிற்று. இரவில் போர்வை பட்டாலே வலிக்கும் என்பதால், கம்பிச் சட்டம் வைத்து அதன் மேல் துணி போர்த்தும் நிலை. தூக்கம் கண்ணை நெருங்காது. இருந்தும் விடிந்ததும் வண்ணத் தட்டைக் கேட்டார்.

அவர் எப்போதும் சிரித்த முகமாகவே இருந்தார் என்று சொன்னால் அது பொய். சலிப்பும் கோபமும் வந்தன. வலியில் அலறிய இரவுகளும் உண்டு. ஆனால் அந்த வலியைப் படத்துக்குள் அவர் விடவில்லை. 1919-ல் முடித்த குளிக்கும் பெண்களின் பெரிய படம் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நோயாளி ஒருவர் வரைந்தது என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

அதே ஆண்டில், தம் பழைய படம் ஒன்று தொங்கும் லூவர் அருங்காட்சியகத்துக்குச் சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்லப்பட்டார். 1919 டிசம்பர் 3-ல் கான்யே வீட்டில் உயிர் பிரிந்தது.

காயம் பட்ட ழான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சினிமா டைரக்டர் ஆனார். 1951-ல் வெளிவந்த அவருடைய 'தி ரிவர்' படம் நமது வங்காளத்தில், கல்கத்தா அருகே எடுக்கப்பட்டது. சென்னை கலாக்ஷேத்திராவில் பரதம் பயின்ற ராதா அதில் நடித்து ஆடினார்.

காலம் மாறியிருக்கிறது

ரெனுவார் காலத்தில் இந்த நோய்க்குச் சரியான மருந்து கிடையாது. 1948-ல்தான் கார்ட்டிசோன் முதன்முதலாக நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள், ஆரம்பத்திலேயே தொடங்கினால் விரல்கள் கோணாமலே பெரும்பாலும் காக்கின்றன. ஆகவே காலை விறைப்பும் மூட்டு வீக்கமும் சில வாரங்கள் நீடித்தால், எண்ணெய் தேய்த்துக் கொண்டே காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மருந்தை நாமாக நிறுத்துவதும் கூடாது.

ரெனுவாருக்குப் பணம் இருந்தது, தோட்டம் இருந்தது, தூக்கிச் செல்ல ஆள் இருந்தது. ஒற்றை அறையில் இருந்துகொண்டு காலை ரயிலைப் பிடிக்க ஓடும் நமக்கு அவை ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவரிடம் இருந்தவற்றில் பணம் வேண்டாதவையும் உண்டு. நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்து தீர்க்காமல், நாளைக்குக் கொஞ்சம் மிச்சம் வைப்பது. முடியாததை முடியாது என்று வாய்விட்டுச் சொல்வது. உதவியைக் கேட்டு வாங்குவது. பத்து நிமிடமாவது கையை அசைப்பது. தனக்கு உயிரான வேலை எது என்று தேர்ந்துகொண்டு, அதற்கு முதல் பங்கு ஒதுக்குவது.

பக்கத்து மேசைக்காரர் காலையில் மெதுவாக எழுதினால், அவருடைய கோப்பில் இரண்டை நாம் வாங்கி முடித்துக் கொடுக்கலாம். மதியம் அவர் கை இளகியதும் நம்முடையதில் இரண்டை அவர் முடித்துத் தருவார்.