மாணவர்களுக்கு வழி திறந்த டாக்டர் சார்லஸ் ட்ரூ

ரத்த தான முகாம் என்றால் நம் ஜமாஅத் இளைஞர்கள் முன்னே நிற்கிறார்கள். ரத்தத்தைச் சேமித்து வைக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர்களில் ஒருவர் அமெரிக்கக் கறுப்பின மருத்துவர் சார்லஸ் ட்ரூ. 1904-இல் வாஷிங்டனில் பிறந்தார். கறுப்பர்களைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகள் அங்கே சொற்பம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்து 1933-இல் மருத்துவரானார். 1940-இல் போரில் சிக்கிய பிரிட்டனுக்கு பிளாஸ்மா அனுப்பும் பணியை மேற்பார்வையிட்டார்.

அதே போர்க்காலத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர்களின் ரத்தத்தைத் தனியே பிரித்து வைத்தது. அறிவியலில் இதற்கு ஆதாரமே இல்லை என்று ட்ரூ எதிர்த்தார். பிலால் (ரலி) அவர்களைக் கஅபாவின் மேல் ஏற்றி பாங்கு சொல்ல வைத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தான நமக்கு அந்த அநீதியின் கனம் விளங்கும்.

ஆனால் அவருடைய பெரிய சாதனை ரத்த வங்கி அல்ல, மாணவர்களே என்போம். வெள்ளையர் மருத்துவமனைகள் கறுப்பின இளைஞர்களுக்கு அறுவை சிகிச்சைப் பயிற்சி இடம் தராத காலம் அது. 1941-இல் ஹோவர்டு பல்கலைக்கழக அறுவை சிகிச்சைத் துறைத் தலைவரான ட்ரூ, அவர்களைத் தேசியச் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயார்செய்தார். 1950 வரை அச்சான்று பெற்ற கறுப்பின மருத்துவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றவர்கள். அவரையோ, நிறத்தின் காரணமாக அமெரிக்க மருத்துவர் சங்கம் உறுப்பினராகக்கூட ஏற்கவில்லை.

1950 ஏப்ரல் 1 அன்று, இலவச மருத்துவ முகாமுக்குப் போகும் வழியில் கார் விபத்தில் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் இறந்தார் என்றொரு கதை உலவுகிறது. செய்தியை விசாரித்து ஏற்கும்படி ஏவப்பட்டவர்கள் நாம், அது உண்மையல்ல. அங்கிருந்த வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காப்பாற்றப் போராடினார்கள். காயம் கடுமையாக இருந்தது. அப்போது அவருக்கு வயது 45.