தேசவழமையை ஏட்டில் ஏற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ்

ஒரு நாட்டைப் போரால் வெல்வது சில மாதங்களில் முடிந்துவிடலாம். வென்ற நாட்டு மக்களுக்கு அவர்கள் ஏற்றுக்கொள்ளும் வகையில் நீதி வழங்குவதோ தலைமுறைகள் கடந்தும் முடியாத பணியாகும். இவ்வுண்மையை உணர்ந்து உழைத்த ஒல்லாந்த அலுவலர் ஒருவரின் வரலாற்றை நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் இங்கே சுருக்கமாகக் கூற விழைகின்றோம். அவரே யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பார்.

ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டையையும், 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். வாணிகக் கழகத்தின் பெயரால் ஆண்ட அவர்கள், தாம் அமைத்த நீதிமன்றங்களில் தம் நாட்டு உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தையே கொண்டிருந்தனர். ஆனால் வழக்காட வந்தோர் தமிழ்க் குடியானவர். அவர்கள் கொணர்ந்த வழக்குகள் சீதனக் காணி, ஒற்றி வைத்த வயல், பங்காளிகளுக்கு அறிவியாது விற்ற தோட்டம் என்பன பற்றியவை. இவற்றுக்கு விடை ஒல்லாந்த நூல்களில் இல்லை. ஊர்ப் பெரியோரின் நினைவில் இருந்தது. நினைவோ ஆளுக்காள் வேறுபடும். சில வேளைகளில் பொருளுக்கும் உறவுக்கும் வளைந்துகொடுக்கும். எழுதப்படாத வழக்கத்தை வைத்துத் தீர்ப்புக் கூறுதல் நடுவருக்கு எத்துணை இடர் தருமென்பதை எளிதில் உய்த்துணரலாம்.

ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தவர். 1670ஆம் ஆண்டளவில் வந்து, படிப்படியாக உயர்ந்து திசாவை என்னும் பதவியை அடைந்தார். கோட்டையிலிருந்து ஆண்ட தலைவருக்கும் நாட்டுப்புற மக்களுக்கும் இடையே நின்று, நிலவரியையும் ஊழியத்தையும் முதலியார் முதலிய சுதேச அதிகாரிகளையும் மேற்பார்த்தல் அப்பதவிக்குரிய கடமை. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்னும் பகுதிகளின் குடிவாழ்க்கையைக் கண்ணாற்கண்டும் காதாற்கேட்டும் அறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அவ்வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை என்பதே அவர் பெருமை.

1703 முதல் 1707 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்தவர் கொர்னேலிஸ் ஜோன் சைமன்ஸ். யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டுமாறு அவர் இட்ட ஆணையை ஐசாக்ஸ் நிறைவேற்றி, 1707ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தம் தொகுப்பை ஒப்படைத்தார். முன்னோர் வழி வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், இல்லறத்தில் ஈட்டிய தேடியதேட்டம் என்னும் மூவகைச் சொத்தும் அதில் விளக்கப்பட்டன. மஞ்சள் நீர் பருகி மகவைத் தத்தெடுக்கும் முறை, வட்டிக்கு ஈடாக நிலப்பயனை நுகரும் ஒற்றி, காணியை விற்குமுன் உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும் அறிவிக்கும் கடமை, நெற்கடன் ஆகியனவும் இடம்பெற்றன. போர்த்துக்கேயர் காலத்தில் சீதனமுறை மாறியவாற்றையும் அவர் மறையாது குறித்தார். வழக்கம் என்பது அசையாத கல்லன்று, காலத்தோடு நகர்வது என்பதை அவர் அறிந்திருந்தார்.

தொகுத்ததோடு அப்பணி முடியவில்லை. ஜான் பீரஸ் என்பவரைக் கொண்டு அதைத் தமிழாக்கி, அறிவுடைய முதலியார் பன்னிருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் செய்தனர். அவர்கள் உடன்பட்ட பின்னரே தேசாதிபதி அதன் படிகளை நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியாக அனுப்பச் செய்தார். ஆள்பவன் எழுதியதை ஆளப்படுவோர் படித்துப் பார்த்து ஒப்பிய செயல் அக்காலத்தில் எளிதன்று. இதனாற்றான் தேசவழமை அயலான் திணித்த சட்டமாகாது நாட்டார் சட்டமாக நிலைத்தது எனக் கருதுகின்றோம்.

எனினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. ஒப்புதல் தந்த பன்னிருவரும் பதவியும் செல்வாக்கும் உடையோர். அத்தொகுப்பிலே அடிமைகளைப் பற்றிய ஒரு பகுதியும் உண்டு. சில சாதியாரை அது அடிமைகளென்றே வகுத்துரைத்தது. அவர்களையோ, சீதனத்துக்கு உரியவரான பெண்களையோ அழைத்து எவரும் கருத்துக் கேட்டிலர். வழக்கத்தை எழுதிவைத்ததால் நன்மை நிலைத்தது. அதனோடு கொடுமையும் எழுத்தின் வலிமையைப் பெற்றது. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிந்தது. ஐசாக்சைப் போற்றும் நாம் இக்குறையையும் உடன்வைத்தே எண்ணுதல் வேண்டும்.

ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் பிரமாணத்தால் தேசவழமைக்கு முழு வலுவளித்தனர். 1911, 1947ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அதன் சில பகுதிகளை மாற்றின. ஆயினும் வடபுலத் தமிழரின் சொத்துரிமை வழக்குகளில் அது இன்றும் எடுத்தாளப்படுகின்றது. மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டுமென்ற விதியைக் குறித்து இன்றும் வாதம் நிகழ்கின்றது.

திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை என விரியும் நம் கீழ்க்கரைக்கு இதனால் விளையும் படிப்பினை யாது? இங்கும் தாய்வழிக் குடிமுறையை அடியாகக் கொண்ட முக்குவர் சட்டம் வழங்கியது. அது தேசவழமை போல ஆட்சியாளரால் சட்டத்தொகுப்பாக நிலைநிறுத்தப்படவில்லை. 1876ஆம் ஆண்டின் 15ஆம் கட்டளைச் சட்டத்தோடு அதன் நீதிமன்ற வாழ்வு ஓய்ந்தது. முஸ்லிம் சோதரர்க்குரிய விதிகளோ வேறு வழி வந்தன. பத்தாவியாவிலிருந்து 1770ஆம் ஆண்டில் தருவிக்கப்பட்ட ஒல்லாந்தத் தொகுப்பே 1806ஆம் ஆண்டின் முகம்மதியர் சட்டத்துக்கு அடிப்படையாயிற்று. ஏட்டில் ஏறியது மன்றத்தில் வாழ்ந்தது. ஏறாதது மக்கள் ஒழுக்கத்தில் மட்டும் எஞ்சியது. மகளுக்கு வீடு கொடுத்தலும், தாய்வழியே குடி எண்ணுதலும், கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடிவழி உரிமை பேணுதலும் இக்கரையில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இன்னும் காணப்படுதல் அதற்குச் சான்று.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை வழக்கறிஞராகலாம். சிலர் கச்சேரியிலும் பிரதேச சபையிலும் பணிபுரியலாம். மக்களிடையே நெடுநாள் வாழ்ந்து கற்றபின் எழுதுதலும், எழுதியதை அவர்களிடமே காட்டித் திருத்துதலும் ஐசாக்சிடம் நாம் கொள்ளத்தக்கன. அவர் அழையாது விட்டவரையும் அழைத்துக் கேட்பது உங்கள் கடமையாகுக.